நெய்னா கடைத் துடுப்பு

நான் எழுதப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. கையில் கற்பூரத்தை ஏற்றி, அடித்து அணைத்தே சத்தியம் செய்திருப்பேன். ஆனால் ஷார்ஜாவில் என் மகள் சங்கீதா குடியிருக்கும் இந்தக் கட்டடத்தில் அப்பளம் கருகினாலே அலாரம் அலறி, எல்லா மாடிக்காரர்களும் பிள்ளை குட்டிகளோடு தெருவுக்கு இறங்கிவிடுகிறார்கள். போன மாதம் அந்த அப்பளத்தைப் பொரித்தது நான்தான். ஆகவே கற்பூரம் இல்லாமல் வெறும் வாயால் சத்தியம் செய்கிறேன். பலம் அதேதான்.

அல் ஐனில், மலையடிவாரத்தில் ஒரு ஆறு ஓடுகிறது. பாலைவனத்தில் ஏது ஆறு என்று கேட்பீர்கள். நாங்கள் சுவிட்சைப் போட்டால் ஓடும், அணைத்தால் நிற்கும். லாரி அளவு பம்புகள் கீழ்க்குளத்துத் தண்ணீரை மேலே ஏற்றிவிடும். அது சிமெண்டு வாய்க்காலில் நுரைத்து, முட்டி, மோதி, கத்திக்கொண்டு கீழே வரும். வந்த கையோடு மறுபடி மேலே. அதே தண்ணீர்தான். எங்களுக்காவது இரண்டு வருஷத்துக்கு ஒரு லீவு உண்டு, அந்தத் தண்ணீருக்கு அதுவும் இல்லை. நான் அங்கே பம்ப் ஆபரேட்டராக இருந்தேன். கார்மேகம் என்று பெயர் வைத்தவனை மழை இல்லாத ஊரில் ஆற்றுக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். எங்கள் ஊர் பரமக்குடிப் பக்கம். அங்கே இருக்கிற ஆற்றுக்கு யாரும் பொறுப்பு இல்லை, அதனால் அதில் தண்ணீரும் இல்லை.

குளிர்காலம் வந்தால் ஐரோப்பாவில் ஆறெல்லாம் உறைந்துபோகும். அப்போது அங்கிருந்து படகுக்காரர்கள் எங்கள் ஆற்றைத் தேடி வருவார்கள். செக் நாட்டுக்காரன் ஓல்டா அப்படி வந்தவன்தான். ஒற்றை ஆள் படகு. அதில் மண்டியிட்டு உட்கார்ந்து, ஒரு பக்கம் மட்டும் தட்டையான ஒற்றைத் துடுப்பால் வலிக்க வேண்டும். ஆற்றின் குறுக்கே கம்பி கட்டி, அதிலிருந்து சோடி சோடியாகக் குச்சிகளைத் தொங்க விட்டிருப்பார்கள். பச்சைக் குச்சி என்றால் ஓட்டத்தோடு போக வேண்டும். சிவப்புக் குச்சி என்றால் போன வேகத்தில் திரும்பி, ஓட்டத்தை எதிர்த்து நுழைய வேண்டும். குச்சியில் பட்டால் நேரத்தில் இரண்டு விநாடி கூட்டிவிடுவார்கள். இதுதான் மொத்த விளையாட்டு. எங்கள் தொழிலாளர் கேம்ப் வாசலில் துணி காயப்போட்ட கொடிகளுக்கு நடுவே நாங்கள் தினமும் இதைத்தான் செய்துகொண்டிருந்தோம். எங்களுக்கு மெடல் கிடையாது.

ஓல்டாவால் சும்மா இருக்க முடியாது. நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலி நகரும். தூக்கத்தில் துடுப்பு வலிப்பான். படுக்கும்போது ரூமுக்குள் இருந்த கட்டில் காலையில் வராந்தாவில் நிற்கும். அல் ஐன் முழுக்க ரவுண்டபவுட்தான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதல்நாள் விமான நிலையத்திலிருந்து டாக்சியில் வரும்போது, ஒவ்வொரு ரவுண்டபவுட்டிலும் பின்சீட்டில் இருந்தபடியே அவன் உடம்பைச் சாய்த்த சாய்ப்பில் வண்டி வெளியே போக முடியாமல் சுற்றிக்கொண்டே இருந்ததாம். கடைசியில் பெட்ரோல் தீர்ந்துதான் நின்றது. அந்த டிரைவர் ஆரிப், பெஷாவர்க்காரர், அதற்குப் பிறகு நேரான ரோடு உள்ள ஊராகப் பார்த்து புஜைராவுக்கு மாறிப்போய்விட்டார். போகிற வழியில் மலை இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இவ்வளவு துடிப்பான ஆள் எங்கே போனாலும் நாலாவதாகத்தான் வந்தான். காரணம் அதே துடிப்புதான். குச்சி அருகே வந்ததும் கை பொறுக்காது. ஒருமுறை முழங்கை பட்டது. ஒருமுறை முதுகு. ஏதோ ஒரு பெரிய போட்டியில் கடைசிக் குச்சிவரை எதிலும் படாமல் வந்து, சந்தோஷத்தில் தும்மி, தும்மிய காற்றில் ஆடிய குச்சி திரும்பி வந்து காதில் பட்டது. இரண்டு விநாடி. நாலாவது இடம். "நாலாவதுக்கு என்ன தருவாங்க?" என்று கேட்டேன். "கை கொடுப்பார்கள்" என்றான்.

என்னை அவன் காரெல் என்றுதான் கூப்பிடுவான். அவன் நாட்டில் அது தெருவுக்குத் தெரு இருக்கிற பெயராம். அவன் பேசுவது பாதி இங்கிலீஷ், கால் இந்தி, மீதி கை. நான் எல்லாவற்றையும் தமிழில்தான் வாங்கிக்கொள்வேன்.

நான் சொல்லும் வருஷம் அவர்கள் குளிருக்கு முன்பே, அக்டோபரிலேயே வந்துவிட்டார்கள். மூன்று பேர், நாட்டு அணியில் மிச்சம் ஒரே இடம். யார் அந்த இடத்துக்கு என்பதை எங்கள் ஆற்றிலேயே போட்டி வைத்துத் தீர்ப்பது என்று கோச் முடிவு செய்திருந்தார். மற்ற இரண்டு பேரும் மீசை அரும்பாதவர்கள். ஓல்டாவுக்கு முன்மண்டை தெரிய ஆரம்பித்திருந்தது.

"இதில் இடம் கிடைக்காவிட்டால் கலாஸ், எல்லாம் முடிந்தது, காரெல்" என்றான், நெய்னா கடை வாசலில் நின்றுகொண்டே டீ குடித்தபடி. அவன் உட்கார்ந்து டீ குடித்து நான் பார்த்ததில்லை.

"கலாஸ்னா?"

"மாமனாருக்கு ஒரு குளம் இருக்கிறது. கெண்டை வளர்க்கிறார். எங்கள் ஊரில் கிறிஸ்துமஸுக்குக் கெண்டை மீன்தான் விருந்து. இந்தக் கிறிஸ்துமஸிலிருந்து குளத்தை நான் பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஜெயித்தால் மட்டும் இல்லை."

"குளம் நல்லதுதானப்பா. சொந்தத் தொழில். கஃபீல்னு ஒரு மொதலாளி கிடையாது, விசா கிடையாது."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் டீ ஆறிவிட்டது. "அந்தத் தண்ணீர் நகராது, காரெல். நான் போய் நின்று பார்த்திருக்கிறேன். மீன் வாயைத் திறக்கும், மூடும். அவ்வளவுதான் அங்கே நடப்பது."

கடைக்காரன் நெய்னா முகம்மது கீழக்கரை. ஜில்லாக்காரன் என்பதால் எனக்கு மாப்பிள்ளை முறை. அவன் உள்ளேயிருந்து கேட்டான்: "என்ன மாமா, வெள்ளைக்காரன் மூஞ்சி தொங்குது? டீயில சீனி பத்தலையா?"

"மாமனார் வீட்டோட போகணுமாம் மாப்ள."

"அட பாவமே" என்று ஒரு வடையை இலவசமாகக் கொடுத்தான். நெய்னா எதையும் இலவசமாகக் கொடுத்ததைப் பார்த்த சாட்சிகள் வேறு யாரும் உயிரோடு இல்லை.

இனிமேல்தான் கவனிக்க வேண்டும். போட்டிக்கு முந்தின நாள் ஆயுத பூஜை.

எங்கள் இன்ஜினியர் கௌரிசங்கர் சார் திருச்சிக்காரர். பம்ப் ரூம் பூஜையை ஒரு வருஷமும் விட்டதில்லை. ஸ்பேனர், சுத்தியல், கிரீஸ் கன், டெஸ்டர் என்று எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, வாழையிலை விரித்து அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, பம்புகளுக்கு மாலை போட்டு, பொரி கடலை படைப்பார். சாயங்காலம் பம்பை நிறுத்திவிடுவோம். மறுநாள் காலையில் டைமர் தானாக ஓட்டிவிடும். "அதுவா ஓடினா தப்பில்லை, நாம கை வைக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்பார் சார்.

பம்ப் நின்றதும் ஆறு நின்றது. நுரை அடங்கி, சத்தம் அடங்கி, வாய்க்கால் முழுக்கத் தண்ணீர் தட்டில் ஊற்றியது மாதிரி கிடந்தது. ஓல்டா கரையோரமாக மேலேயும் கீழேயும் நடந்தான். நின்று குனிந்து பார்த்தான். மறுபடி நடந்தான். அவன் எதைப் பார்க்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு மீன் மட்டும்தான் குறை.

நேரே பம்ப் ரூமுக்கு வந்தான். "ஏன் தண்ணீர் ஓடவில்லை, காரெல்?"

"பம்புக்கு லீவு."

"பம்புக்கா?"

"வருஷம் பூரா ஓடுதுல்ல. இன்னைக்கு ஒரு நாள் பொட்டு வெச்சு உக்கார வெச்சிருக்கோம். நம்ம சோத்துக்கு வழி பண்ற சாமானுக்கெல்லாம் இன்னைக்கு மரியாதை."

ஸ்பேனர்களையும் சந்தனத்தையும் பார்த்தான். வெளியே போனான். திரும்பி வரும்போது கையில் அவனுடைய துடுப்பு. கார்பனில் செய்தது, காக்கைச் சிறகு கனம்தான் இருக்கும். இன்னொரு கையில் மாற்றுத் துடுப்பு. "இவையும் லீவு எடுத்ததே இல்லை" என்றான்.

கௌரிசங்கர் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாரும் கார்மேகம், எங்கேயோ பொறந்தவனுக்கு எப்படித் தோணறது!" என்று இரண்டு துடுப்பையும் நட்டநடுவில் வைத்து, மற்ற எதற்கும் வைக்காத அளவு சந்தனம் வைத்தார். கற்பூரம் காட்டும்போது ஓல்டா கன்னத்தில் போட்டுக்கொண்டான். நின்றபடியே இரண்டு கை பொரி தின்றான். அன்று முழுக்க அவன் முகத்தில் நான் பார்த்த ஒரே நிம்மதி அதுதான். அப்புறம் சார், "எனக்கு இதுதானேப்பா ஆயுதம்" என்று சொல்லித் தன் போனையும் இலையில் வைத்து, கதவைப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு, குடும்பத்தோடு அபுதாபிக்குக் கொலு பார்க்கக் கிளம்பிவிட்டார்.

பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியாமல் தொடக் கூடாது. எங்கள் ஊரில் பேச்சு வராத குழந்தைக்கும் இது தெரியும். எல்லாருக்கும் தெரிந்ததை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. அதனால் யாரும் ஓல்டாவுக்குச் சொல்லவில்லை.

காலையில் ஹெல்மெட்டோடு வந்து நின்றான். டைமர் தன் வேலையைச் செய்திருந்தது. ஆறு கத்திக்கொண்டு ஓடியது.

"துடுப்பு" என்றான்.

"பத்தரைக்கு."

"போட்டி எட்டுக்கு!"

"நல்ல நேரம் பத்தரைக்குத்தான்பா. சார் வந்து மறுபூஜை போடணும்."

அவன் முகம் போன போக்கைப் பார்த்து நான் அவசரமாக சாருக்கு போன் போட்டேன். பம்ப் ரூமுக்குள் நாதஸ்வரம் வாசித்தது. சாரின் ரிங்டோன். வீட்டம்மா நம்பரும் அந்த போனுக்குள்தான் இருந்தது. பூட்டை உடைத்துவிடலாம் என்று நானே சொன்னேன், சாமி குத்தம் என் தலையோடு போகட்டும் என்று. பூட்டை உடைக்கச் சுத்தியல் வேண்டும். சுத்தியல் உள்ளே சந்தனம் பூசிக்கொண்டு படுத்திருந்தது. கடப்பாரை? உள்ளே. ஸ்குரூ டிரைவர்? அதற்குப் பக்கத்தில்.

மற்ற இரண்டு பேரிடமும் ஓல்டா துடுப்பு கேட்டான். கொடுத்தார்கள், நல்ல பையன்கள். ஆனால் ஒருவன் இடதுகைக்காரன். இன்னொருவன் உயரம் ஓல்டாவின் நெஞ்சுவரைதான். வாங்கி வீசிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். கரையில் மேலும் கீழும் நடந்தான். கோச் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். முதல் பையன் இறங்கிவிட்டான்.

அப்போதுதான் காற்றில் வாசனை வந்தது.

நெய்னா போட்டிக்கு வந்த கூட்டத்துக்காக விடியலிலிருந்து பிரியாணி செய்துகொண்டிருந்தான். தேக்சா அண்டாவைக் கிண்டும் அவன் துடுப்பு நல்ல தேக்கு. அவன் வாப்பா காலத்தில் கீழக்கரையில் வள்ளம் செய்கிற ஆசாரி இழைத்தது. ஆள் உயரம், நுனியில் முறம் அகலம். அந்த வளாகத்திலேயே லீவு எடுக்காத ஒரே சாமான் அதுதான்.

நாங்கள் ஓடினோம்.

"மாப்ள, துடுப்பக் குடு!"

"எதுக்கு?"

"ஆத்துக்கு!"

நெய்னா என்னைப் பார்த்தான், ஓல்டாவைப் பார்த்தான், தேக்சாவைப் பார்த்தான். "மாமா, இன்னும் தம் போடல. மசாலா அடியில கெடக்கு. இத எடுத்துட்டா நான் கையாலயா கிண்டுறது?"

"அவன் குளத்துக்குப் போயிருவான் மாப்ள."

நெய்னா அடுப்புத் தீயைக் குறைத்தான். அப்புறம் துடுப்பை உருவி, விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டி, ஓல்டாவிடம் நீட்டினான். "பாய், ஜல்தி. சோறு அடிப்பிடிச்சா ஒம் மாமனாரு குளத்த எழுதி வாங்கிருவேன்."

கோச் எதிர்த்தார். நடுவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். துடுப்பு எதனால் செய்யப்பட வேண்டும் என்று அதில் எங்கேயும் இல்லை. நெய் தடவக் கூடாது என்றும் இல்லை. அதற்குள் ஓல்டா கடைசி ஆளாக இறங்கிவிட்டான்.

நான் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். முப்பது வருஷத்து நெய் ஊறிய மரம் அது. தண்ணீரில் வைத்ததும் சுற்றிலும் அலை அடங்கி வழிவிட்டது. ஓல்டா வழக்கம்போல வெட்டி வெட்டி வலிக்கப் பார்த்தான். அந்தக் கனத்தை அப்படி வலிக்க முடியாது. பிரியாணி கிண்டுகிற மாதிரி அடியிலிருந்து மெதுவாகப் புரட்டித்தான் எடுக்க வேண்டும். கரையிலிருந்து நெய்னா கத்தினான்: "அடியில குடு! அடியில குடுத்து மேல எடு! அரிசி ஒடையக் கூடாது!" ஓல்டாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அடியில் கொடுத்து மேலே எடுத்தான்.

பச்சைக் குச்சிகள் போயின. சிவப்பு வந்தது. அவனை நாலாவதாக்கிய அதே எதிர்நீர் வளைவு. வழக்கமாக அங்கேதான் கை பறக்கும். இப்போது பறக்கவில்லை, பறக்க விடாமல் தேக்கு பிடித்துக்கொண்டது. படகு சுழலில் நின்றது. நானும் மூச்சை நிறுத்தினேன். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஓல்டா காத்திருந்தான். தண்ணீரே வந்து படகின் மூக்கைத் திருப்பிவிட்டது. உள்ளே நுழைந்தான். துடுப்புக்கும் குச்சிக்கும் நடுவே ஒரு அரிசி போகிற இடைவெளி.

அங்கேதான் வம்பு. அந்த இடைவெளியில் நிஜமாகவே ஒரு அரிசி போய்விட்டது. துடுப்பில் ஒட்டியிருந்த பாசுமதி ஒன்று குச்சியில் ஒட்டிக்கொண்டது.

அவன் எல்லையைத் தாண்டினான். அணியில் இடம் வாங்கித் தரும் நேரம். ஆனால் நடுவர் இரண்டு விரலைக் காட்டிக்கொண்டு நின்றார். அந்த இரண்டு விநாடியைக் கூட்டினால் குளம்.

"துடுப்பு படவில்லை" என்றார் கோச்.

"சோறு பட்டிருக்கிறது" என்றார் நடுவர்.

புத்தகத்தைப் புரட்டினார்கள். உடம்பு படக் கூடாது, படகு படக் கூடாது, துடுப்பு படக் கூடாது. சோறு இந்த மூன்றில் எது? அப்போது நெய்னா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனான். கம்பியை இழுத்து, குச்சியில் இருந்த அந்த அரிசியைக் கிள்ளி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். "சார், இது என் கடைச் சோறு. இவன் இதுக்கு இன்னும் காசு குடுக்கல. அப்ப இது எப்படி இவனோடதாகும்?"

நடுவர் நெடுநேரம் யோசித்தார். வாசனை வேறு யோசிக்க விடவில்லை. கடைசியில் விரல்களை மடக்கினார்.

கோச் அழுதார். தோற்ற பையன்கள் ஓல்டாவைத் தூக்கினார்கள். நான் அழுததாக நெய்னா சொல்வான், அது கண்ணில் மசாலா பட்டது. நெய்னா மட்டும்தான் கலங்கவில்லை. "மாமா, மொதல்ல துடுப்பக் குடுத்துட்டு அப்பறம் அழச் சொல்லு. அடிப்பிடிக்குது."

ஆனால் ஓல்டா அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அன்று சாயங்காலமே அதையும் பெட்டியோடு ஏற்றிக்கொண்டு போனான். விமான நிலையத்தில் மோப்ப நாய் அந்தத் துடுப்பைவிட்டு நகர மறுத்ததால் நாய்க்கும் சேர்த்து டிக்கெட் போட்டார்கள். அதற்குப் பிறகு அவன் போகாத ஆறு இல்லை, வாங்காத மெடல் இல்லை. அவன் இறங்கினால் எதிராளிகளுக்குப் பசி எடுத்துக் கை நடுங்குமாம். ஒரு ஊரில் தேசிய கீதம் வாசித்தபோது மேடையில் நாயும் கூடவே நின்றது. உலகத்தில் எந்த ஆற்றில் சிவப்புக் குச்சி வந்தாலும் அவன் படகு ஒரு கணம் நிற்கும். பார்க்கிறவர்கள் மூச்சைப் பிடிப்பார்கள். அவன் மட்டும் காத்திருப்பான். அந்தத் துடுப்பு இல்லாமல் நெய்னா இன்றைக்கும் கட்டட வேலை மண்வெட்டியால்தான் கிண்டுகிறான், ருசி கொஞ்சம் மாறிப்போனதற்குக் காரணம் அது.

இங்கே ஷார்ஜாவில் என்னாலும் உட்கார முடியவில்லை. பம்ப் சத்தம் இல்லாமல் தூக்கம் பிடிப்பதில்லை. பால்கனியிலிருந்து வாசல், வாசலிலிருந்து பால்கனி என்று நடக்கிறேன். "அப்பா, கொஞ்சம் ஒரு எடத்துல உக்காருங்களேன், தலை சுத்துது" என்கிறாள் சங்கீதா. அவளுக்கும் இந்தக் கதையை முழுதாகச் சொல்லியிருக்கிறேன், நடந்துகொண்டேதான்.

விட்டுப்போனது என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக ஒரு தகவலையும் சேர்த்துவிடுகிறேன்.

ஓல்டா அந்த வருஷத்துக் கிறிஸ்துமஸிலிருந்து மாமனாரின் குளக்கரையில் கெண்டை மீன் நிறுத்து விற்றுக்கொண்டிருக்கிறான்.